குதிரைக்கு அடியில் கிடந்தவர்

சிலுவைப் போர் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசில், லா ஷப்பேலில் ஒரு தேவாலய மண்டபத்தில், பென்சன் எடுத்த ரீச்சர் ஒருவர் அகதிகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கரும்பலகையில் நீளமான சொல் ஒன்றை எழுதினார். பக்கத்தில் இருந்த என் அறைத்தோழர் இரண்டு அகராதிகளைப் புரட்டினார். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒன்று, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒன்று.

"சிலுவைப் போராம், அண்ணை. உங்கட ஆக்களின்ரை சண்டை" என்றார்.

அவர் பருத்தித்துறைச் சைவர். உலகத்தில் கத்தோலிக்கர்கள் செய்த எதற்கும் என்னையே பொறுப்பாளியாக்குவது அவருடைய பழக்கம்.

எனக்குத் தெரிந்த சிலுவைப் போர் ஒன்றே ஒன்றுதான். மன்னாரில் எங்கள் ஊரில், பெரிய வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் பெரிய சிலுவையை யார் தூக்குவது என்று வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் நடந்த அடிபிடி. ஒன்பதாம் தலத்தில் தொடங்கியது. ஆண்டவர் மூன்றாம் முறை விழ வேண்டிய அந்த இடத்தில் என் பெரியப்பா முதல்முறையாக விழுந்தார். இரண்டு பற்கள் போயின. மற்றத் தெருக்காரன் சிலுவையைத் தொடக்கூடாது என்று இரண்டு தெருவும் ஒற்றைக்காலில் நின்றதால், விலக்குப் பிடிக்க வந்த பொலிஸ் சார்ஜன்ட்தான் கடைசியில் அதைத் தோளில் வைத்துக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சார்ஜன்ட் ஒரு முஸ்லிம்.

இதை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வகுப்பில் சொன்னேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வேறு" என்றார்.

வேறுதான். பாப்பரசர் ஒருவர் கூட்டம் கூட்டிப் பேசினாராம். எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்க வேண்டும், போகிறவர்களின் பாவம் மன்னிக்கப்படும் என்றாராம். அவ்வளவுதான், பிரபு முதல் பன்றி மேய்ப்பவன் வரை துணியில் சிலுவை வெட்டித் தோளில் தைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பாவமன்னிப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? எங்கள் ஊர்ச் சுவாமியாரிடம் போயிருந்தால் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லிவிட்டு அனுப்பியிருப்பார். ஒரு தடவை புறப்பட்டவர்கள் எருசலேமைக் கண்ணாலும் காணவில்லை. வழியில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இறங்கி, அங்கே இருந்த கிறிஸ்தவர்களையே கொள்ளையடித்தார்களாம். பாரிசுக்குக் கிழக்கே செவ்ரானுக்கு என்று புறப்பட்டவன் மேற்கே ஆர்ஜொந்தெய்யில் இறங்கி, சொந்தச் சித்தப்பன் வீட்டுக் கதவை உடைத்ததுபோல.

எழுநூறு எண்ணூறு வருடத்துக் கதை, இனி எங்களுக்கு என்ன என்று நினைத்து மிச்ச வகுப்பைத் தூங்கிக் கழித்தேன். இரண்டு மாதத்தில் அந்தப் போர் என் அறைக்குள்ளேயே வந்து இறங்கும் என்று யார் கண்டது?

அப்போது என் தலைக்குள் இருந்தது ஒரேயொரு கடதாசி. மனைவியும் மூன்று வயது மகளும் மன்னாரில் இருந்தார்கள். மகளை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால், 'இவர்கள் என் வீட்டில் தங்கலாம்' என்று வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்திட்ட படிவத்தை மேரியில், அதாவது நகரசபையில், கொடுக்க வேண்டும். எபெர்ஜ்மான் என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மனைவியின் கடிதங்கள் எல்லாம் ஒரே வசனத்தில் முடிந்தன. "இஞ்சாருங்கோ, அந்தக் கையெழுத்து வாங்கியாச்சோ?"

வாங்க வேண்டியது ஹாஜியாரிடம். நாங்கள் இருந்த ஒத்தேலின் சொந்தக்காரர் அவர். ஒத்தேல் என்றதும் கற்பனையை ஓடவிட வேண்டாம். மாத வாடகைக்கு விடும் அறைகள், மாடிக்கு ஒரு கழிவறை, படி முழுக்க வெங்காய மணம். ஹாஜியார் அல்ஜீரியாவில் ஒரானில் பிறந்தவர். இருபத்தைந்து வருடம் பாரிஸ் வீடுகளுக்குச் சுவர் பூசியவர். மக்காவுக்குப் போய்வந்தவர் என்பதால் நாங்கள் ஹாஜியார் என்றோம். ஊரில் முஸ்லிம் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம் என்று நான் சொன்னபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆள் ஒரு பகிடிக்காரர். சிரிக்காமல் பகிடி விடுவார், அதுதான் ஆபத்து. முதல் பனி விழுந்த அன்று பருத்தித்துறைக்காரரிடம், கூரையில் விழும் பனியை வாடகைக்காரர்தான் கூட்ட வேண்டும், அதற்குப் பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மனிதர் கொமிஸாரியாவுக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு வந்தார். என்னிடமும் நாளுக்கு ஒரு பகிடி விடுவார். நானும் விடுவேன். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் இரண்டு நொண்டிகள் தோளில் கைபோட்டு நடப்பதுபோலப் போகும். அவர் பேசியதை இங்கே என் ஊர்த் தமிழிலேயே சொல்கிறேன்.

அந்த யூலையில் எங்கள் ஊரவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். ஊர்ப் பாதுகாவலர் சந்தியோகுமையோர். குதிரைமேல் வாளோடு இருப்பவர். அவருடைய திருநாளைப் பாரிசில் கொண்டாட வேண்டும். கொண்டாட்டத்துக்குச் சுரூபம் வேண்டும். எங்கள் மூப்பர் சந்த்-துவான் பழைய சாமான் சந்தையில் ஒரு ஸ்பானியக் கிழவியிடம் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஊரில் அவர் கோயில் மூப்பர், பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவர். ஆனால் மூப்பர் மூப்பர்தான்.

சுரூபம் இடுப்பளவு உயரம். முழுக்கப் பிளாஸ்டர். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரை, மேலே புனிதர், எங்கள் வாயில் அர்ச்சிஷ்டவர், கையில் ஓங்கிய வாள். என் அறை முதலாம் மாடியில் இருந்ததால், தூக்கிவந்த நால்வருக்கும் அதற்குமேல் மூச்சு இல்லாததால், ஞாயிறுவரை அது என் அறையிலேயே இருக்கட்டும் என்று மூப்பர் தீர்ப்புச் சொன்னார். கட்டிலுக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவில் வைத்தோம். காலையில் முகம் கழுவ வேண்டுமென்றால் குதிரைக்கு மேலால் குனிந்துதான் குழாயைத் திறக்க வேண்டும்.

அப்படிக் குனிந்தபோதுதான் கீழே ஒருவர் கிடப்பதைப் பார்த்தேன்.

ஊரில் எங்கள் குதிரைக்கு இடுப்பிலிருந்து பட்டுத்துணி சுற்றியிருக்கும். அடியில் கிடப்பது சாத்தான் என்று சொல்லுவார்கள், யாரும் துணியைத் தூக்கிப் பார்த்ததில்லை. இங்கே துணி இல்லை. கிடந்தவருக்குத் தலைப்பாகை இருந்தது. தாடி இருந்தது. கையிலிருந்து வளைந்த வாள் விழுந்திருந்தது.

பருத்தித்துறைக்காரர் முழங்காலில் இருந்து பார்த்தார். "அண்ணை, இது சாத்தான் இல்லை. சாத்தானுக்கு என்னத்துக்குத் தலைப்பாகை?"

"பேசாமல் இரும்."

"இது சோனகர், அண்ணை."

அடுத்த வகுப்பில் ரீச்சரிடம் கேட்டேன். அவருக்குச் சந்தோசம், வகுப்பில் நான் விழித்திருந்தேன் என்று தெரிந்ததால். ஸ்பெயினில் முஸ்லிம்களோடு நடந்த போர்களில் இந்தப் புனிதர் வானத்திலிருந்து வெள்ளைக் குதிரையில் இறங்கி அவர்களை வெட்டினார் என்று அங்கே நம்பினார்களாம். அதுவும் சிலுவைப் போரின் ஒரு கிளைதான் என்றார். மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு அப்போஸ்தலரை, அவர் செத்து எண்ணூறு வருடத்துக்குப் பிறகு எழுப்பிக் குதிரையேற்றிவிட்டார்கள். மனிதர் வாழ்நாளில் குதிரை ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம். போர்த்துக்கேயர் அந்தக் குதிரையை அப்படியே கப்பலில் ஏற்றி மன்னாரில் இறக்கியிருக்கிறார்கள். நாங்களும் யார் என்ன என்று கேட்காமல் தலைமுறை தலைமுறையாகப் பூப்போட்டிருக்கிறோம். எங்கள் திருநாளுக்கு மஸ்கட், தொதல் என்று இனிப்பு விற்க வருவதே எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள்தான். அவர்களும் போகும்போது குதிரைக்கு ஒரு போத்தல் எண்ணெய் நேர்ந்துவிட்டுப் போவார்கள்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மேரியில் எனக்குத் திங்கட்கிழமை வரச்சொல்லி ரொந்தேவூ கொடுத்திருந்தார்கள். படிவம் இன்னும் ஹாஜியாரின் மேசை லாச்சிக்குள், கையெழுத்து இல்லாமல். 'நாளைக்கு, நாளைக்கு' என்று இரண்டு கிழமை போய்விட்டது.

வியாழக்கிழமை காலை குழாய் ஒழுகுவதைப் பார்க்க ஹாஜியார் என் அறைக்கு வந்தார். நான் துவாயை எடுத்துக் கீழே கிடந்தவர்மேல் போட்டிருந்தேன். துவாய் சரியாக அந்த நேரம் பார்த்து வழுக்கி விழுந்தது.

ஹாஜியார் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆர் இவர்?"

"சாத்தான்" என்றேன்.

"உன்ரை சாத்தான் என்ரை மாமா மாதிரி இருக்கிறார்."

அவர் குதிரையைச் சுற்றிவந்தார்.

"ஒரானிலை ஸ்பானியர் இதை வருசா வருசம் எங்கட தெருவாலை தூக்கிக்கொண்டு போவினம். எனக்கு இவரை நல்லாத் தெரியும்."

"ஹாஜியார், படிவம்... திங்கட்கிழமை..." என்று இழுத்தேன்.

அவர் கதவடியில் நின்று திரும்பினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "முதல் என்ரை மாமா வெளியாலை வரட்டும். பிறகு உன்ரை மனிசி உள்ளுக்கு வரலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று முழுவதும் எனக்கு வேலையில் கை ஓடவில்லை. நான் சமையல் உதவிக்கு நின்ற உணவகத்தில் ஒரே சூப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். பருத்தித்துறைக்காரர், சுரூபத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். மூப்பரிடம் அதைச் சொல்வதைவிடச் சிலுவைப் போருக்கே போய்விடலாம். கொம்பும் கோரைப்பல்லும் வைத்துக் கீழே கிடப்பவரைச் சூரனாக்கிவிடுவோமா என்றும் கேட்டார். கேட்டவர் முகத்தில் உண்மையான ஆசை தெரிந்தது. நான் யோசித்தது வேறு. ஒரு மனிதரை வெளியே எடுத்துவிட்டால் விசயம் முடிந்தது. குதிரை இருக்கும், அர்ச்சிஷ்டவர் இருப்பார், ஊரவர்களுக்கு அதுதானே வேண்டும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாஜியார் ஜும்மாவுக்குப் போனார். அறைத்தோழர் வேலையில். நான் உணவகத்துச் சமையற்காரரிடம் எலும்பு அறுக்கும் வாள் ஒன்றை இரவல் வாங்கிவந்திருந்தேன். எங்கள் தமிழில் சந்தியோகுமையோர் கையில் இருப்பதும் வாள், மரம் அறுப்பதும் வாள். இரண்டு வாளோடும் ஓர் அறை. செபம் சொல்லலாமா என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? கேட்கவேண்டியவரின் குதிரைக்கு அடியில்தான் நான் படுத்துக் கிடந்தேன்.

முதலில் குளம்புக்கும் முதுகுக்கும் இடையில் அறுத்தேன். பிறகு அடிப்பலகையோடு அவர் ஒட்டியிருந்த இடத்தை. பிளாஸ்டர் தூள் மூக்கில் ஏறியது. அவருடைய முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உண்மையாகவே யாரோ ஒருவருடைய மாமா போலத்தான் இருந்தார். கடைசி இழுப்பில் ஒரு கை முறிந்து கழன்றது. ஆளை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தேன்.

முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரையின் பாரமெல்லாம் அவர் முதுகில்தான் இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குதிரை மெல்லத் தலைகுனிந்தது, கும்பிடுவதுபோல. நான் பிடிக்கப் பாய்வதற்குள் கழுவுதொட்டியில் மோதி விழுந்தது. அர்ச்சிஷ்டவரின் தலை கட்டிலுக்கடியில் உருண்டது. குதிரையின் கால் இரண்டாயிற்று.

சத்தத்துக்கு அறைவாசலில் ஆள் வந்துநின்றது. ஹாஜியார்தான். பள்ளிவாசலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார், தலையில் தொப்பிகூடக் கழற்றவில்லை. நான் நிலத்தில் இருந்தேன். தலைமயிர் முழுக்க வெள்ளை. மடியில் அவருடைய மாமா.

"என்ன செய்தனீ?" என்றார்.

"வெளியாலை எடுத்திட்டன்" என்றேன். "இனிக் கையெழுத்துப் போடுவியளோ?"

அவருக்கு விளங்கக் கொஞ்சநேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டையின் உள்பையிலிருந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். எபெர்ஜ்மான். என் அறை மூன்று பேருக்குக் காணாது என்று மேரியில் மறுப்பார்கள் என்பதால், விலாசத்தில் இரண்டாம் மாடியில் அவர் குடும்பத்தோடு இருந்த வீட்டையே எழுதியிருந்தார். கீழே கையெழுத்து. திகதி புதன்கிழமை. குழாய் பார்க்க அவர் என் அறைக்கு வருவதற்கு முதல் நாள்.

"நேற்று அதைத் தரத்தான் வந்தனான்" என்றார். "உன்ரை முகத்தைப் பாத்திட்டு ஒரு பகிடி விட்டன்."

நான் மாமாவை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த வாளை எடுத்து மறைக்கப் பார்த்தேன்.

"மூண்டு வருசம் என்ரை வீட்டிலை இருக்கிறாய். ஒரு பொம்மைக்காக உன்ரை மனிசியையும் பிள்ளையையும் நான் மறிப்பன் எண்டு நினைச்சனியோ?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். கையில் வாள் இருந்தது.

பருத்தித்துறைக்காரரிடம் அவர் விட்ட பகிடிக்கு நான் வயிறு நோகச் சிரித்தவன். பனி கூட்டப் பொலிஸ் அனுமதி என்றால் பகிடி என்று எனக்கு உடனே தெரியும். இது மட்டும் ஏன் தெரியவில்லை? அன்றைக்கு எனக்கு அவர் பகிடிக்காரராகத் தெரியவில்லை, வீட்டுக்காரராகவும் தெரியவில்லை. தலைப்பாகை கட்டிய ஒருவராகத் தெரிந்தார். இவ்வளவுக்கும் அவர் தலைப்பாகை கட்டுவதே இல்லை.

ஹாஜியார் மேற்சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். கீழே போய்ப் பழைய பூச்சுக் கரண்டியும் ஒரு பை பிளாஸ்டரும் கொண்டுவந்தார். "என்ரை வீட்டுக்குள்ளை ஒருத்தற்ரை சாமியும் உடையக்கூடாது" என்றார். அதற்குப் பிறகு தண்ணீர், துணி, பிடி, விடு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. யூலை மாத வெளிச்சம் போகும்வரை வேலை செய்தார். அர்ச்சிஷ்டவருக்குக் கழுத்து வந்தது, குதிரைக்குக் கால் வந்தது. பிறகு மாமாவைத் தூக்கி, தானே குதிரைக்கு அடியில் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். "இவர் இல்லாட்டில் அது நில்லாது. நான் மேசன்" என்றார். முறிந்த கையைப் பழைய இடத்தில் ஒட்ட முடியவில்லை. பாரம் தாங்கட்டும் என்று அதைக் குதிரையின் குளம்போடு சேர்த்துப் பூசிவிட்டார். பார்த்தால் கீழே கிடப்பவர் குளம்பைப் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் திருநாளுக்குச் செவ்ரானிலிருந்தும் ஆர்ஜொந்தெய்யிலிருந்தும் சனம் வந்தது. குதிரைக்கு லாடம் அடிப்பவரையும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள், நல்ல வேலை என்று ஒரு அக்கா சொன்னார். அவருக்கும் ஒரு மாலை விழுந்தது. மூப்பர் மட்டும் கழுத்தடியில் புதுப்பூச்சைக் கண்டுவிட்டு என்னை முறைத்தார். இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. அது எனக்கு இலாபம்தான்.

மனைவியும் மகளும் அடுத்த வசந்தத்தில் வந்தார்கள். விமானநிலையத்தில் மகள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள். எங்களுக்கென்று ஒரு வீடு கிடைக்கும்வரை ஆறு மாதம் ஹாஜியார் வீட்டின் பின்னறையில் இருந்தோம். அவர் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் போன்ஷூர், மாலையில் போன்சுவார், தபால் வந்தால் எடுத்துத் தருவார், மகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார். மனைவிக்குப் பிரெஞ்சு இரண்டு சொல்தான் தெரியும், அவரோ அவளிடம் எந்நேரமும் பகிடி. ஈபிள் கோபுரத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மடித்து வைப்பார்கள் என்று கையாலேயே சொல்லி அவளை நம்பவைத்துவிட்டார். அவள் குசினியில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒருநாள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அந்த மனிசன் எல்லாரோடையும் பகிடி விடுறார். உங்களோடை மட்டும் ஏன் இவ்வளவு மரியாதையாக் கதைக்கிறார்?"

"எனக்குப் பகிடி விளங்காது எண்டு நினைக்கிறார்" என்றேன்.